தலை போன தளபதி

பெரியவளே,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு பிளம்பர் வருவார். பின்கதவுச் சாவி என் மழைக்கோட்டுப் பையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். உன் கம்ப்யூட்டர் சீனப் போர் விளையாட்டில் மூன்று வாரமாக ஒரு எதிரித் தளபதியைச் சிறையில் வைத்திருந்தாயே. "தன் ராஜாவைக் காட்டிக்கொடுக்கவே மாட்டேங்கிறான்ப்பா, இவன் எனக்கு வேணும்" என்று பரிசு பரிசாக அனுப்பினாயே. அவன் தலையை வெட்டியது உன் தங்கை இல்லை. நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போனபோது சும்மா எட்டிப் பார்த்தேன். கைதியை என்ன செய்யலாம் என்று திரை கேட்டது. கிடங்கில் தானியம் குறைந்திருந்தது. இவனுக்கு எதற்குத் தண்டச்சோறு என்று பொத்தானை அமுக்கிவிட்டேன். இருபது வருஷம் கிடங்கில் வேலை பார்த்தவன் புத்தி வேறெங்கே போகும்? அது உடனே தானாகவே சேவ் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

நீ அவளைத் திட்டித் தீர்த்தபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். நான்கு நாளாக நீ அவளோடு பேசவில்லை.

முதலில் அவளிடம் பேசு. என்னைச் சாயங்காலம் திட்டிக்கொள்ளலாம்.

அப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நான் பொத்தானை அமுக்கியதை அவள் பல் துலக்கிக்கொண்டே அறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். "அப்புறம் ஏன்டி சொல்லல?" என்று இன்று காலை கேட்டேன். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்ப்பா" என்றாள்.