கரிசலில் கட்டிய மாடி

என்னங்க,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வீடியோவில் புது வீட்டைக் காட்டச் சொன்னபோதெல்லாம் முன்னறையை மட்டும் காட்டினேன். ஐப்பசி மழைக்குப் படுக்கையறைச் சுவர் வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் விரலை விடலாம்.

கொத்தனார் இசக்கிதுரை அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"கரிசலு மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும்னு அன்னைக்கே சொன்னேம்லா டீச்சரம்மா? அஸ்திவாரத்த ஆழமாத் தோண்டிச் சரள் மண்ணு அடிப்போம்னேன். நீங்கதான் அந்தச் செலவுல மாடி எடுக்கச் சொன்னிய!"

ஆமாம், நான்தான் சொன்னேன். மண்ணுக்குள் போவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கரிசல் என்று தெரியாமலும் இல்லை; மூன்று வருடத்துக்கு முன்பு இந்த மனையில் பருத்தி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இடித்துத்தான் கட்ட வேண்டுமாம்.

பதினான்கு வருடமாக வந்துவிடுங்கள் என்று கேட்டவளே இதையும் கேட்கிறேன். இந்த மாதம் மஸ்கட்டில் கொடுப்பதாகச் சொன்ன ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்
மனைவி