சுமர்மியின் பெயரில் ஒரு வண்டி

ஏப்ரல் 14, திங்கள்

வாடகை வண்டிக்காரர் இன்றும் வரவில்லை. சோற்றுப் பொட்டலங்களை இரு கைகளிலும் சுமந்துகொண்டு பள்ளி உணவகத்துக்கு நடந்தேன். சோயாவில் செய்த தெம்பே வறுவல் ஆறிப்போயிற்று. என் பொறுமையும் தீர்ந்துபோயிற்று. இருசக்கர வண்டி ஒன்று வாங்கியே தீர்வேன். பழையதாயினும் பழுதில்லை. ஆனால் அது என் பெயரில் இருந்தாக வேண்டும்.

மணமுறிவின்போது கணவர் தார்னோ ஓட்டிச்சென்ற வண்டிக்குத் தவணை கட்டியவள் நான். “உரிமைப் புத்தகத்துல யாரு பேரு இருக்கு?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சாவியைக் கொடுத்துவிட்டேன். கிளாத்தேன் நகரே என்னை இன்றும் ‘இபு தார்னோ’, தார்னோவின் மனைவி, என்றுதான் அழைக்கிறது. வண்டியும் அவர் பெயரில், நானும் அவர் பெயரில்! வண்டி போய்விட்டது, பெயர் மட்டும் என்மேல் தங்கிவிட்டது.

ஏப்ரல் 16, புதன்

கண்டேன், சிவப்பு நிறத்தில், கண்ணாடிபோல் துடைத்த வண்டி ஒன்றை. விற்பவர் கியோனோ, வயதுக்கு மரியாதையாகப் ‘பாக்’ கியோனோ; மனைவியை இழந்து தனியே வாழ்பவர். என்னோடு சமையல் பார்க்கும் எத்திக் துணைக்கு வந்தாள். எஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்த எண்களை எண்ணெய்ப்பிசுக்கு நீங்கத் துடைத்துப் பதிவுச் சீட்டோடு ஒப்பிட்டேன், பொருந்தின. வரி நிலுவை இல்லை. விலையும் நியாயம். உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் வேறொரு பெயர்: சுமர்மி.

“இது யாரு பாக்?”

“என் வீட்டுக்காரிம்மா. போய்ச் சேந்துட்டா.”

“அப்ப என் பேருக்கு மாத்தணுமே?”

“எதுக்கு வீண் அலைச்சல்? அவ அடையாள அட்ட எங்கிட்டதான் இருக்கு. வரி கட்டறப்ப வந்து வாங்கிட்டுப் போங்க. ஊரே அப்படித்தானே ஓட்டுது!”

ஊர் அப்படித்தான் ஓட்டுகிறது. முதல் உரிமையாளரின் அட்டையை ஆண்டுதோறும் இரவல் கேட்டு, யாரோ ஒருவர் பெயரில் ஓடுகின்ற வண்டிகள்தாம் இங்கே எத்தனை! அவர் அட்டை தர மறுத்தால்? ஊர் மாறிப் போய்விட்டால்? பணம் கொடுத்தவர் கையில் சாவி இருக்கும், உரிமை இருக்காது. ஒருமுறை பட்டவள் நான்.

உரிமைப் புத்தகத்தைக் கேட்டேன். அவர் முகம் மாறியது. “அது… தம்பி வீட்டுல இருக்கு.”

வழியெல்லாம் எத்திக் சிரித்தாள். “தம்பி வீட்டுலயா? பள்ளிக்கூடத்துல இருக்கும்க்கா!” உரிமைப் புத்தகத்தை அடகு வைப்பதை எங்கள் ஊரில் பள்ளிக்கு அனுப்புவதாகத்தான் சொல்வார்கள். “அது படிச்சுப் பட்டம் வாங்கி வர்றதுக்குள்ள நமக்குப் பல்லு கொட்டிரும்.”

ஏப்ரல் 19, சனி

மீண்டும் போனேன். தேநீர் தந்தார், வாழைக்காய்ப் பருவம் தாண்டாத பழத்தில் தாமே பொரித்த பஜ்ஜியும் தந்தார். புத்தகம் தரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

அலமாரிச் சாவி தொலைந்துவிட்டதாம். தம்பி வீட்டு அலமாரியா, தம் வீட்டு அலமாரியா என்று கேட்டேன். விழித்தார்.

ஏப்ரல் 23, புதன்

கத்திவிட்டேன். அடகு வச்சிருந்தா வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போகலாமே, ஏன் இப்படி இழுத்தடிக்கணும்? இவரும் தார்னோ மாதிரிதானா? அத்தனையும் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

அவர் எழுந்தார். உள்ளே போனார். பெண்கள் தலையில் அணியும் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உரிமைப் புத்தகம்! எங்கும் போகவில்லை அது.

“அவள எல்லாரும் இபு கியோனோன்னுதான் கூப்பிட்டாங்க,” என்றார். “நான் அதுகூட இல்ல, ‘ஏய்’தான். இந்த வண்டி வாங்கறப்ப மட்டும் ஒத்தக் காலுல நின்னா. என் சம்பாத்தியம், என் பேருலதான் இருக்கணும்னு. வரி கட்டப் போனா மைக்குல கூப்பிடுவாங்கம்மா, ‘சுமர்மி’ன்னு. அவ போனப்புறம் அந்தப் பேர வாய்விட்டுச் சொல்ற எடம் அது ஒண்ணுதான். அதக் கேக்கத்தான் வருஷா வருஷம் மொத ஆளாப் போய் நிப்பேன்.”

“பின்ன ஏன் விக்கறீங்க?”

“முழங்கால் மடங்க மாட்டேங்குது. சும்மா நின்னா துருப்பிடிக்கும், அவளுக்கு ஆகாது. நீங்க வரி கட்டப் போறப்ப என்னையும் பின்னால ஏத்திக்கிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்.”

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

தன் உழைப்பில் வாங்கியதைத் தன் பெயரில் வாங்கினாள் ஒருத்தி. அதே உரிமையைக் கேட்டுத்தானே நானும் நிற்கிறேன்? அவள் பெயரை இறக்கிவிட்டா என் பெயரை ஏற்றுவது? வேறு வண்டி பார்க்கலாம்தான். மனம் அந்தச் சிவப்பு வண்டியை விட்டு நகர மறுக்கிறது. வண்டியையா, அந்த மனிதரையா? அதுவும் தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். “பேரு அப்படியே இருக்கட்டும் பாக். நான் ஓட்டிக்கறேன். வருஷா வருஷம் ரெண்டு பேரும் போவோம்.” தலையை மட்டும் அசைத்தார். எத்திக் என்னைப் பைத்தியக்காரி என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

மே 2, வெள்ளி

அரிசி உலை கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் பாக் கியோனோ! கையில் ஒரு பை. இறப்புச் சான்று, ஊர்த்தலைவர் கையொப்பமிட்ட வாரிசுச் சான்று, விற்பனைச் சீட்டு, அந்தத் துணியில் சுற்றிய புத்தகம்.

“நீங்க சரின்னு சொன்னதுலேருந்து தூக்கமில்ல,” என்றார். “அவ இருந்திருந்தா தொடப்பத்தத் தூக்கியிருப்பா. ஒரு பொம்பள தன் பேருல வேணும்னு கேக்கறா, அத மறிச்சுக்கிட்டு நிக்கறியே, நீயெல்லாம் ஒரு ஆளான்னு கேட்டிருப்பா. கெளம்புங்கம்மா, எனக்கு மனசு மாறறதுக்குள்ள.”

“உலை கொதிக்குது பாக்!”

“அப்ப அடுத்த வாரம். மனசு மாறாம நான் பாத்துக்கறேன்.”

எத்திக் அவருக்கு ஒரு தட்டுச் சோறு போட்டாள். மிளகாய்த் துவையலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மே 8, வியாழன்

பதிவு அலுவலகத்துக்கு அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வண்டியைச் சரிபார்த்தார்கள்; தாள்களை வாங்கிக்கொண்டார்கள். நெடுநேரம் காத்திருந்தோம். ஒலிபெருக்கி அழைத்தது: “சுமர்மி!”

அவர் அசையவில்லை. காதில் விழவில்லையோ என்று அவர் கையைத் தொட்டேன். விரலால் என்னை அடக்கினார். “சுமர்மி!” மறுபடியும் அசையவில்லை. மூன்றாம் முறை, சற்று எரிச்சலோடு, அந்தக் கூடம் முழுவதும் அதிர அழைத்தார்கள். அதன் பிறகே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “இருக்கோம், இருக்கோம்,” என்று நடந்தார். தாள்களில் கையொப்பமிட்டுவிட்டு வந்து அமர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன, முகம் மலர்ந்திருந்தது.

மேலும் சற்று நேரம் கழிந்தது.

“வினார்சி!”

என் பெயர். பள்ளிக்கூடத்தை விட்டபின் எவரும் இத்தனை உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

பாக் கியோனோ என் தோளில் இடித்தார். “ஏம்மா, உங்களத்தான் கூப்பிடறாங்க.”

“கேட்டுச்சு பாக்,” என்றேன். “இன்னொரு தடவ கூப்பிடட்டும்.”