உள்ளே திறக்கும் கதவு

மார்ச் 3, 1908

குதிரை லாயத்துக்குப் புதுக் கதவுகள். லண்டனிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் லயால் வரைந்தபடி மேல்பாதி, கீழ்ப்பாதி என்று தனித்தனியாகத் திறப்பது கிடையாது. ஒற்றைக் கதவு, அதுவும் உள்பக்கம் திறக்கிறது. வெளியே திறந்தால் மாளிகை ஜன்னலிலிருந்து பார்க்க முற்றம் அசிங்கமாம். முப்பது வருஷமாக இந்தப் பண்ணைக்குத் தச்சன் நான். லாயக் கதவு வெளியேதான் திறக்க வேண்டும் என்று என் கைக்கே தெரியும். ஆனாலும் படித்தவர் சொல்கிறாரே என்று மாட்டிவிட்டேன்.

மார்ச் 5

என் மனைவி டோர்கஸின் தம்பி சைலஸ்தான் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவன். கதவைக் கண்டதும் குதித்தான்.

"ஏன் அத்தான், குதிரை கதவோரம் படுத்துக்கிட்டா நான் எப்படி உள்ளே போறது? தட்டினா எந்திரிச்சு வந்து திறக்குமா?"

"வரைபடத்துல அப்படித்தான்டா இருக்கு."

"வரைபடத்துல குதிரை இருக்கா?"

ரம்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்கு நகர்ந்துவிட்டேன்.

மார்ச் 6

பரணிலிருந்து வைக்கோல் தள்ளும் பொந்தையும் அடைக்கச் சொன்னார் லயால். தூசி விழுகிறதாம். ஆணி தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 9

நிறைமாதச் சினையாக இருக்கும் டாம்ஸன் என்ற பெண் குதிரையைப் புது அறையில் கட்டினார்கள். சைலஸ் அவள் காதில் ஓயாமல் பேசுகிறான். பெண்டாட்டியிடம்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டான். நான் வாசலோடு சரி. லாயம் கட்டுகிறவனுக்குக் குதிரை என்றால் பயம் என்பதை இந்த நோட்டைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 14

காலை ஆறு மணிக்கு சைலஸ் ஓடி வந்தான். டாம்ஸன் கதவை ஒட்டிப் படுத்தவள், கால் மடங்கி எழ முடியாமல் கிடக்கிறாள். கதவு ஒரு விரல்கூட நகரவில்லை. உடைத்தால் வயிற்றில் இடிக்கும். ஜன்னலில் இரும்புக் கம்பி. ஐயோ, நான் மாட்டிய கதவு — நான்தானே!

அப்போதுதான் பொந்து ஞாபகம் வந்தது. பரணில் ஏறி சைலஸ் தலையை விட்டான், தோள் நுழையவில்லை.

"அத்தான், நீங்கதான் ஒல்லி. இறங்குங்க."

"டேய், எனக்குக் குதிரைன்னா..."

"பயம். ஊருக்கே தெரியும். இறங்குங்க!"

இறங்கினேன். அவன் மேலிருந்து கத்தக் கத்த, கதவோரம் மடங்கிய கால்களில் கயிறு மாட்டி, மூலையில் நின்று இழுத்தேன். புரண்டாள். எழுந்தாள். என் முகத்தை மோந்து பார்த்தாள். நான் வைக்கோலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மார்ச் 16

பெண் குட்டி! நெற்றியில் வெள்ளை.

மார்ச் 17

கதவுகளைக் கழற்றி வெளியே திறக்கும்படி மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2

லயால் வந்தார். "வரைபடத்துல இப்படி இல்லையே?" என்றார்.

"வரைபடத்துல குதிரையும் இல்லைங்க ஐயா."

சைலஸுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

மதியம் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் டாம்ஸன் அறையில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். குட்டி என் தொப்பியைக் கவ்விக்கொண்டு தரவே மாட்டேன் என்கிறது.