பக்கத்தில் நின்றவர்கள்

நேற்று சாயங்காலம் ஹவுஸ் ஓனர் வீட்டு டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சின்ன நாட்டின் அமைச்சர், "இது நாங்களாகவே எடுத்த முடிவு" என்று தாளைப் பார்த்துப் படித்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னால் தெரிந்த இரண்டு தோள்களைப் பார்த்தேன். அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். அப்படிப் பார்க்க என்னைப் பழக்கியவள் நீ.

உத்திரமேரூரில் பஸ் ஏறி உனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பேன். வழியில் உன் ஊர் காவாந்தண்டலத்துப் பிள்ளைகளோடு முண்டியடித்து நீ ஏறுவாய். காஞ்சிபுரம் கல்லூரியில் நாம் இருவரும் பி.ஏ. அரசியல் அறிவியல், அதில் நமக்குப் பிடித்தது சர்வதேச உறவுகள். "ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் அடிச்சிக்கினா நமக்கு இன்னா பேஜாரு?" என்று உன் நைனா கேட்டாராம். "உர மூட்டை வெலை ஏறிச்சே, அது யாரால நைனா?" என்று நீ திருப்பிக் கேட்டாயாம். மறுவாரமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் வகுப்பில் சார், பக்கத்து நாட்டுப் படையைத் தானே அழைத்ததாக அறிவித்த ஒரு தலைவரைப் பற்றிச் சொன்னார். நீ எழுந்தாய். "அதைச் சொல்லும்போது அவரு பக்கத்துல யாரு நின்னுக்கினு இருந்தாங்க சார்?" வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "அது புத்தகத்துல இல்லம்மா" என்றார்.

கடைசி வருடத் தை மாதம் உனக்கு நிச்சயம். தட்டு மாற்றும் முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள்: பெண்ணுக்குச் சம்மதமா? தலையாட்டினால் போதும். நீ வாய் திறந்து, "பரீட்சை எழுத அனுப்பினா சம்மதம்" என்றாய். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினாள். "அதுக்கு இன்னா, படிச்ச மருமவ எங்களுக்குப் பெருமதானே!" தட்டு மாறியது. என் காதருகில் வந்து, "நீதான்டி சாட்சி. பேச்சு மாறினா நீதான் வந்து கேக்கணும்" என்றாய்.

வந்து கேட்டேன். ஹால் டிக்கெட் வாங்க நீ வராததால் அதை நானே எடுத்துக்கொண்டு, கல்யாணமாகி நீ போன தென்னேரிக்கு வந்தேன். உன் மாமியார் மோர் கொடுத்து உபசரித்தாள். "அதுக்கே பரீட்சை வேணாமாம்மா. நீயே கேளேன்." உன்னைக் கூப்பிட்டாள். நீ வந்து நின்றாய். பின்னாலேயே வந்து, உன் தலையில் சரிந்திருந்த பூவைச் சரிசெய்தபடி நின்றாள் அவள். "நானேதான் வேணாம்னுட்டேன். வூட்ல வேலை கீது" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை; என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னாய்.

கொல்லைப் பக்கம் வா, பேசணும் என்றேன். "இருங்க, நானும் வரேன். அங்க பாம்பு கீது" என்று உன் மாமியாரும் செருப்பை மாட்டினாள். என்ன கரிசனம்! மூன்று பேருமாகப் போய் முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பரீட்சையில் எனக்கு அடுத்த மேசையில் உன் எண்ணைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாத் தாளையும் எழுதினேன்.

அக்டோபரில் மறுதேர்வு வந்தது. விடக்கூடாது என்று ஐப்பசி மழையில் மறுபடி வந்தேன். வாசலில் கால் வைத்ததும் உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். நீ போய்விட்டாயாம், மஞ்சள் காமாலையாம். பச்சிலை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பெரியாஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் அழுதது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

"உன் பேரையே சொல்லிக்கினு இருந்தாம்மா. உன்னாண்ட தனியா ஒண்ணு சொல்லணும்னு சொன்னா. எங்கிட்ட சொல்லேன், நான் சொல்லிடறேன்னேன். வேணாம்னு மூஞ்சியத் திருப்பிக்கினா."

இப்போது அதே பாடத்தை நான் நடத்துகிறேன். படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், என் விருப்பம்தான் மேடம் என்று எந்தப் பெண்ணாவது வந்தால், கூட வந்த அண்ணனையோ மாமாவையோ வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அவள் பேசும்வரை வாயைத் திறப்பதில்லை. சிலர் பேசுகிறார்கள். சிலர் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறார்கள்.

அப்படிப் போனவர்களுக்குப் பிறகு நான் மறுபடி கதவைச் சாத்திக்கொள்கிறேன். எதிர் நாற்காலியில் நீ வந்து உட்காருகிறாய். தலையில் பூ அப்படியே சரிந்திருக்கிறது. உன் பின்னால் இப்போது யாரும் இல்லை.

சொல்லுடி.