இரண்டு மொழியில் சொன்ன சாட்சி

என் லில்லிக்கு,

அன்பு இருக்கிறது, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. நீ போய் ஒரு வருடம் கழிந்தும் ஆறவில்லை. செத்தவர்களோடு சண்டை போடக்கூடாதாம். யார் சொன்னது? ஊரறியவே போடுகிறேன்.

நாற்பது வருடம் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து என் பாட்டுப் புத்தகத்தை எட்டி எட்டிப் பார்ப்பாய். அப்படிப்பட்ட உனக்கு வயிற்றில் கட்டி வந்தபோது நான் என்ன செய்தேன்? "ஜெபிக்கேன் மக்கா" என்றேன். நம் ஆட்களுக்கு அதைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது.

திருவனந்தபுரம் போய்ச் சோதித்துப் பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் நம் சபையின் பெண்கள் ஐக்கியம் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தது. நாலாம் நாள் வலி இல்லை என்றாய். அந்த ஞாயிறே உன்னை மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். காலை மலையாள ஆராதனையில் சுகமானதைச் சாட்சியாகச் சொன்னாய். பத்து மணித் தமிழ் ஆராதனையில் மறுபடியும் சொன்னாய். அப்போது உன் இடது கை முந்தானைக்கு அடியில் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், லில்லி. பார்த்துவிட்டு, எல்லாரையும்விடச் சத்தமாக "ஸ்தோத்திரம்" என்றேன்.

அடுத்த வாரம் பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "எட்டி, உனக்கு வேதனை உண்டுதானே?"

"மிண்டாதே பிள்ளே, வாயைத் தொறக்காதே. ரெண்டு பாஷையிலயும் சாட்சி சொல்லியாச்சு. இனி ஆஸ்பத்திரி வரிசையில போய் நின்னா கர்த்தருக்காக்கும் அவமானம்."

கர்த்தருக்கா அவமானம்? போடி! சிநேகிதனுடைய கல்லறைக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டவர் அவர். உன் வயிற்றை ஒரு டாக்டர் தொட்டால் அவருடைய மானம் கப்பலேறிவிடுமா? இதை அன்றே உன் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். பஸ் வந்தது. ஏறி உனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

அடக்கத்தன்று ஐக்கியத் தலைவி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "பாவம், கடைசியில விசுவாசம் கொறஞ்சு போச்சு." உன் கையில் மைக்கைத் திணித்ததே அவள்தான்! அன்றும் குனிந்து உன் பெட்டியில் பூ வைத்துவிட்டு வந்தேன். கைகால் விழுந்த திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிப் போய், கூரையைப் பிரித்துக் கர்த்தருக்கு முன்னால் இறக்கிய நாலு பேர் கதையை ஞாயிறு பள்ளியில் வருடா வருடம் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் அவனிடம் சாட்சி கேட்கவில்லை, தூக்கினார்கள். நான் ஏன் உன்னைத் தூக்கவில்லை?

இப்போது கேள். உன் தங்கை ஷீலாவுக்கும் அதே இடத்தில் கட்டி, டாக்டர் எழுதிக் கொடுத்த அதே திருவனந்தபுரம் சீட்டு. உபவாச ஜெபமும் முடிந்தது. வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் அவள் சாட்சி சொல்ல வேண்டுமாம். நேற்று ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள். "அக்கா, மலையாளத்துல சொல்லணும்னா எனக்கு வெப்ராளமாயிட்டு, பயமாயிட்டு இருக்கு. எழுதித் தருவியளா?"

"வேதனை உண்டா, இல்லையா? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. உன்னைப் போலவே கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். "வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாறேன். டாக்டர் சீட்டை எடுத்து வை. வரமாட்டேன்னு சொன்னா தூக்கிட்டுப் போவேன், கேட்டியா?" என்றேன். எனக்கு முட்டுவலி, அவள் என்னைவிடக் கனம். ஆனாலும் தூக்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷீலாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். எழுந்து போகப்போவது நான். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஜெபித்துவிட்டுத் துணைக்கு உட்கார யார் வருகிறீர்கள் என்று கேட்பேன். பிறகு அன்றைக்கு உன் இடது கை எங்கே இருந்தது என்பதைச் சொல்வேன். காலையில் மலையாளத்தில், பத்து மணிக்குத் தமிழில்.

இப்படிக்கு,
இனிமேல் ஷீலாவுக்கு மூத்தவளாக இருக்கப்போகிற
உன் ரோஸ்லெட்