பெயர் எழுதாத தாள்

அக்கா,

இன்று காலை என் மாணவி ஒருத்தி ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த பிரதிகள், மை இன்னும் காயவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியது. காளவாசல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களின் மனநிலை பற்றி அவள் ஆய்வு செய்யப் போகிறாளாம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘பெயர் எழுத வேண்டாம். உங்கள் விடைகள் இரகசியமாக வைக்கப்படும்.’ பத்து வருடத்துக்கு முன் இதே வாக்கியத்தை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. என் ஆத்திரம் மட்டும் இன்னும் போகவில்லை.

அப்போது நான் உளவியல் எம்.ஏ. இரண்டாம் வருடம். எங்கள் பேராசிரியர் நூற்பாலைத் தொழிலாளர்களின் மனநிறைவை அளக்கக் கிளம்பியிருந்தார். துணியை முழம் போடுவதுபோல மனத்தையும் அளந்துவிடலாம் என்று எங்களுக்கும் நம்பிக்கை. நூலைக் கோன் சுற்றும் பிரிவுக்கு நான் வந்த முதல் நாள் நல்ல வெயில். மூலையில் மண்பானை, அதன்மேல் கவிழ்த்து வைத்த தம்ளர். யாரையும் கேட்காமல் மொண்டு இரண்டு தம்ளர் குடித்தேன். நீங்கள் மிஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று.

அந்த நாலு நாளும் அந்தப் பிரிவின் மேஸ்திரி எங்களை விட்டு நகரவில்லை. ‘உங்கள் மேற்பார்வையாளர் எல்லோரையும் ஒன்றுபோல நடத்துகிறாரா?’ என்று நான் கேட்பேன். பெண்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரொம்பத் திருப்தி என்பார்கள். மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளிடம் சௌக்கியமா என்று கேட்ட கதைதான். அதையும் நாங்கள் பயபக்தியோடு குறித்துக்கொண்டோம். உங்கள் முறை வந்தபோது நீங்கள்தான் அவரை நகர்த்தினீர்கள்.

“அண்ணே, டீச்சரு ஏதோ பொம்பளைக சமாச்சாரம் கேக்கணுமாம். செத்த அங்கிட்டுப் போங்க.”

மனுஷன் திரும்பிப் பார்க்காமல் போனார். அதன்பிறகு நீங்கள் என்னைத்தான் விசாரித்தீர்கள். பெயரை எழுத மாட்டேன்தானே, தாள் யார் கைக்குப் போகும், எழுதினதை யார் படிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். பதினெட்டாம்படிக் கருப்பு மேல் சத்தியம், பெயரை எழுத மாட்டேன் என்றேன். அழகர்கோவிலில் அந்தச் சாமி குடியிருக்கும் கதவுக்கு முன்னால் நின்று பொய்ச்சத்தியம் செய்ய இந்தச் சீமையில் எப்பேர்ப்பட்டவனும் யோசிப்பான். எனக்கு அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

நீங்கள் நம்பிச் சொன்னீர்கள். அந்தப் பானையில் கை வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை. யாராவது மொண்டு ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். ஊற்ற ஆள் இல்லையென்றால் தாகத்தோடு நிற்க வேண்டும். பதினோரு வருடச் சர்வீஸ் உங்களுக்கு. உங்களிடம் வேலை பழகியவர்கள் உங்களுக்கு மேலே போய்விட்டார்கள். மேஸ்திரி உங்கள் பெயரை ஒரு தடவைகூடச் சிபாரிசு செய்யவில்லை.

“ஒரு வாய்த் தண்ணிக்கி நேத்து வந்த புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும், டீச்சர். இதுக்கு ஒங்க தாள்ல எந்த எடத்துல கோடு போடுவீங்க?”

ரொம்பத் திருப்தியில் தொடங்கி ஐந்து கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில் கோடு போட்டேன். ஓரத்தில் பானையைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த அன்றே நான் மொண்டு குடித்த பானை. முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் என் ஊரையும் அப்பா பேரையும் அவ்வளவு அக்கறையாக விசாரித்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேலை முடிந்ததும் மில் நிர்வாகம் தாள்களை ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருவதாகக் கேட்டது. பேராசிரியர் கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்பினார். அனுமதி கொடுத்தவர்களுக்குச் செய்கிற மரியாதையாம். பெயர்தான் இல்லையே, யாரை என்ன செய்துவிட முடியும் என்றார். வயது இருந்தது. சர்வீஸ் இருந்தது. பிரிவும் சாதியும் இருந்தன. கணவர் இறந்துவிட்டார் என்பதும் இருந்தது. இத்தனையும் பொருந்துகிற பெண் அந்த மில்லிலேயே நீங்கள் ஒருவர்தான். இது தெரிய உளவியல் படித்திருக்க வேண்டுமா? அடுத்த திங்கட்கிழமை உங்களைக் கழிவுப் பஞ்சு பிரிக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள்.

கேள்விப்பட்டு, வில்லாபுரத்தில் உங்கள் வீட்டைத் தேடி வந்தேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தீர்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி, பேச்சுக்கு நடுவே இருமல். நான் பெயரை எழுதவே இல்லை, சத்தியத்தை மீறவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகை வேறு.

“பேரைத்தான் எழுதல. மத்த அம்புட்டையும் எழுதிட்டியே தாயி.”

அதுவரை நீங்க என்றவர் அன்று நீ என்றீர்கள். எனக்கு அது தகும். சொம்பில் தண்ணீர் கொடுத்தீர்கள், குடித்தேன். உங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததை ஏதோ சாதனைபோல அன்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கிளம்பும்போது, “நாளைக்கு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். கேக்கத்தான் நீ வராத” என்றீர்கள்.

பேராசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன் என்று சொல்ல ஆசைதான். போடவில்லை. நிர்வாகத்திடம் பேசுங்கள் சார் என்று மெல்லக் கேட்டேன். அவர் பேசவில்லை. உங்கள் தாளை எடுத்துப் பார்த்து, இது ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிறது, சேர்த்தால் முடிவு கெட்டுப்போகும் என்று தனியே ஒதுக்கினார். தொழிலாளர்கள் பொதுவாக மனநிறைவுடன் இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. உங்களைத் தண்டிக்க அந்தத் தாள் செல்லும், உங்களுக்காகப் பேச மட்டும் செல்லாது. என்ன நியாயம் அக்கா இது? அவர் கெட்டவரும் இல்லை. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று பெயர் வாங்கியவர். நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்குத்தான் கேள்விமுறை கிடையாது. நானும் வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்கினேன். உங்களுக்கு அந்த இருமல் கடைசிவரை விடவில்லை.

இன்று அந்த மாணவியின் தாளில் வயது, சாதி, சர்வீஸ் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தேன். இதையெல்லாம் எடுத்துவிட்டால் யாருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாதே மேடம் என்றாள். அவள் சொல்வதும் உண்மை. சாதியைக் கேட்காவிட்டால் பானை வெளியே வராது. கேட்டால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அடித்ததை எல்லாம் திரும்ப எழுதிக் கொடுத்தேன். தாள்களில் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா, அப்புறம் போய்க் கேள்வி கேள் என்றேன்.

“குடுக்க மாட்டாங்க மேடம். ஆய்வே நின்னு போகும்.”

நிற்கட்டும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

பேராசிரியர் ஒதுக்கிய உங்கள் தாள் என் பீரோவில்தான் இருக்கிறது. அதில் இன்றுவரை உங்கள் பெயரை எழுதவில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை. உங்கள் பிள்ளைகள் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறார்கள். இந்தத் தடவை மற்றதையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். வில்லாபுரம் என்றது வில்லாபுரம் இல்லை. கோன் சுற்றும் பிரிவு என்றது அந்தப் பிரிவு இல்லை. பதினோரு வருடம் என்பதும் நான் மாற்றிப் போட்டதுதான்.

பானையை மட்டும் மாற்றவில்லை, அக்கா.