அம்மா பிழைத்துக்கொண்ட எபிசோடு

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

போன் போட்டால் "ஷாட் ரெடிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

உன் ஆஸ்பத்திரித் தொடரின் முதல் மூன்று எபிசோடும் பார்த்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்கிறார். கடைசியில் "கதை, வசனம்" என்று உன் பெயர் ஓடுகிற வேகத்தில் அவரால் படிக்க முடியவில்லை. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

ஒன்றிரண்டு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஐசியூவில் எந்த நர்ஸும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடக்க மாட்டாள். நான் அப்படிப் போனால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மானிட்டரில் கோடு நேராகிவிட்டால் ஷாக் கொடுப்பது கிடையாது. துடிப்பு தாறுமாறாக இருந்தால்தான் கொடுப்போம். உனக்கு இதை எத்தனை முறை சொல்வது?

டாக்டரின் அம்மாவாக வருகிற அந்த அம்மாள் படுக்கையிலிருந்தே, "யாரும் இல்லாத ரூம்ல எதுக்கு லைட்டு?" என்று நம் அம்மா மாதிரியே நர்சுகளை விரட்டியதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அதற்காகவே உனக்கு ஆயிரம் குறையை மன்னிக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை யூனிட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தலைமுடி விஷயத்தில் டைரக்டர் சிரித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு வேலை அப்படி, நம்ம வேலை இப்படி" என்றார்.

லைட் வசனம் பெரிய ஹிட். அந்த அம்மாளைக் கடையில் பார்க்கிறவர்கள்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். சேனலில் இப்போது எனக்குத் தனி நாற்காலி!

அக்கா, ஒரு உதவி. சீசன் முடிவில் அந்த அம்மா வென்டிலேட்டருக்குப் போகிறார். நம் அம்மாவின் கடைசி நாளன்று டாக்டர் உன்னிடம் சரியாக என்ன சொன்னார்? அப்பாவிடம் நீ எப்படிச் சொன்னாய்? நான் அங்கே இல்லாததால் கேட்கிறேன். கொஞ்சம் விவரமாக எழுது.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இப்படி ஒரு உதவி கேட்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நீ எழுதினால் அது இன்னும் மோசம்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "மூளை முழுசா போயிருச்சும்மா. மெஷின்தான் மூச்சு விடுது. உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா?" என்றார். எனக்கு முன்பே தெரியும். அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவளே நான்தான். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே சொல்லும்மா, உனக்குத்தானே தெரியும்" என்றார். உனக்குப் போன் போட்டேன். ஷூட்டிங்கில் இருந்தாய். "நீ முடிவு பண்ணுக்கா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். நான் மெஷினை எடுத்துவிடச் சொன்னேன். அவ்வளவுதான்.

உன்னிடம் நான் எதுவுமே கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த நாளைத் தொடரில் வைக்காதே. வைத்தே ஆகவேண்டும் என்றால் நடந்தபடி வை. அப்பா பார்க்கிறார்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. நீ கேட்டபடியே ஆகிவிட்டது!

முதலில் நடந்ததை நடந்தபடிதான் எழுதினேன், சத்தியமாக. சேனலில் ஒரே ரகளை. "அந்தம்மாவைச் சாகடிச்சா அடுத்த சீசனை யாருப்பா பாப்பாங்க?" என்றார்கள். அதனால் அம்மா பிழைத்துக்கொள்கிறார். அக்காவாக வருகிறவள் மெஷினை எடுக்கச் சொல்லிவிடுகிறாள். கடைசி நிமிடத்தில் டாக்டர் மகன் ஓடிவந்து தடுத்து, ஷாக் கொடுத்து, கோடு மறுபடி எழும்புகிறது. எடிட்டரே அழுதுவிட்டார்.

அம்மா சாவதை அப்பா இன்னொரு தடவை பார்க்க வேண்டியதில்லை. அதுதானே உன் கவலை? அந்த அக்கா பாத்திரம் கொஞ்சம் கடுமையாக அமைந்துவிட்டது. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே, அது நீ இல்லை.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

கடைசி எபிசோடு பார்த்தோம். பெயர் ஓடி முடியும்வரை அப்பா அசையவில்லை. பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ நாம கொஞ்சம் பொறுத்திருந்தா அவ எந்திரிச்சிருப்பாளா?"

இது கதைப்பா, தம்பி எழுதினது என்றேன். "அவன் விசாரிக்காம எழுதுவானா?" என்றார். விசாரித்தது யாரிடம் என்று நான் எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து என் கையால் மாத்திரை வாங்க மாட்டேன் என்கிறார். மேசையில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எடுக்கிறார். எதிர்வீட்டு அம்மாள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். வார்டில் ஒரு பையன் இறந்துபோன தன் தாயைக் காட்டி, "ஷாக் குடுங்க, ஏன் நிக்கறீங்க?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவனைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பாவைத்தான் முடியவில்லை. இத்தனை வருஷம் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, ராத்திரி மூச்சு வருகிறதா என்று எட்டிப் பார்த்தவள் இப்போது அவருக்கு ஒரு கொலைகாரி.

உன்னிடம் வருகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். நான் சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பேசுகிறேன் என்று நினைக்கிறார். நீ சொல். "அம்மா எந்திரிச்சிருக்க மாட்டாங்கப்பா, நான் இட்டுக்கட்டினது" என்று ஒரே ஒரு வாக்கியம். பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவனுக்கு இது முடியாதா?

அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சௌக்கியம். செட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்த நடிகை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அப்பா குழந்தை மாதிரி அழுதார்.

அன்று ராத்திரி என்னிடமும் அதையே கேட்டார். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "இருக்கலாம்ப்பா" என்றேன். "நீ பக்கத்துல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டே" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கும் அப்பா வேண்டும் இல்லையா அக்கா? இத்தனை நாளும் அவர் உன்னிடம்தானே இருந்தார்.

நேரம் பார்த்து மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சீசன் உறுதியாகிவிட்டது. கிட்னி மாற்று அறுவை சிகிச்சை வருகிறது. வார்டில் அதற்கு என்னென்ன செய்வீர்கள் என்று எழுதுகிறாயா?

உன் தம்பி

மே 15

கதை, வசனம் எழுதுபவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பெரியவருக்குக் காலையில் பிரஷர் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. இரவில் இதயத்துக்கான சின்ன மாத்திரை. இருமல் வந்தால் தலையணையை உயர்த்தி வைக்கவும். கால் வீங்கினால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டவும். தொடரில் வருகிற டாக்டரிடம் அல்ல.

கிட்னி பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். இனி எதைப் பற்றியும் கேட்க வேண்டாம்.

பெரியவர் இருந்த அறையைப் பெருக்கிப் பூட்டிவிட்டேன். அங்கே இனி லைட் எரியப்போவதில்லை. அம்மா இருந்திருந்தால் கரண்ட் மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

இப்படிக்கு,
நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு